சப்பட்டைக் கல்லின் மேல் ஒரு சாயங்காலம்

வெயில் இன்னும் சாயவில்லை. சாய்கிறவரை இது வெறும் கல்தான், கொடுக்கம்பட்டுக்காரர்கள் வாயில் சப்பட்டைக் கல்லு, மத்தியான வெயிலில் யாரைக் கூட்டிவந்து நிறுத்தினாலும் எங்கே சார், எதைக் காட்டுகிறீர்கள் என்றுதான் கேட்பார்கள், கேட்டும் விட்டார்கள், மெட்ராஸ் தொல்பொருள் ஆபீஸிலிருந்து ஜீப்பில் வந்த பெரியவர் கூலிங் கிளாஸைக் கழற்றி ஒரு தடவை, மாட்டிக்கொண்டு ஒரு தடவை பார்த்துவிட்டு, உங்களுக்கு நல்ல கற்பனை செம்பியன் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தோள் இன்னும் வலிக்கிறது. தட்டியதால் வலிக்கவில்லை, ஓய்வுபெறப் போகிற வயதில் ஒரு வரைவாளன் பாறைமேல் குப்புறப் படுத்து வேலை செய்தால் தோள் வலிக்காமல் பூரித்தா போகும், ஆனாலும் மனசு அந்த வலியைப் பெரியவர் தலையில்தான் கட்டுகிறது, கட்டிவிட்டுப் போகட்டும். பேன்ட்டுக்கு அடியில் கல் சுட்டது. நாளெல்லாம் வாங்கிய சூட்டை அது இப்போது மெல்ல விட்டுக்கொண்டிருந்தது, தொடை வழியாக ஏறி இடுப்புவரை ஒத்தடம் கொடுத்த மாதிரி இதமாக இருந்தது, இந்த இதத்துக்காகவே சனிக்கிழமை சனிக்கிழமை கைக்காசு போட்டு பஸ் ஏறி வரலாம். கீழே குவாரியில் கம்ப்ரசர் நின்றது. நின்றதும் காதுக்குள் பெரிய காலியிடம், அதில் முதலில் ஒரு குருவி, அப்புறம் எங்கேயோ ஆடு ஓட்டுகிறவன் குரல், அப்புறம் சொந்த மூச்சு. நாளைக்கு இந்தக் கம்ப்ரசரை இங்கே மேலே ஏற்றிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்களுக்குத்தான் லீவு, குவாரிக்கு இல்லை, அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். கலெக்டரின் தடை உத்தரவு வரும், நிச்சயமாக வரும், திங்கட்கிழமை வரும், அது வந்து சேரும்போது கல் ஜல்லியாகி ஏதாவது ரோட்டில் படுத்திருக்கும். காலையில் துளை போட்டால் மத்தியானம் வெடி.

பக்கத்தில் பை. பைக்குள் கண்ணாடித்தாள் சுருள், மார்க்கர் பேனா, வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, சர்க்கரை மாத்திரை, அப்புறம் அந்தப் பொட்டலம். அதைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்து வேறு பக்கம் திரும்பினார், திரும்பிய பக்கத்திலிருந்தும் அது தெரிந்தது. பேப்பரில் எண்ணெய்க் கறை பட ஆரம்பித்திருந்தது, உள்ளே நல்லெண்ணெய்ப் பாக்கெட் எங்கோ ஒழுகுகிறது போல. அஞ்சலாட்சி கொடுத்தது. குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றுகிறவள், அவள் புருஷன்தான் துளை போடுகிற ஆள். மத்தியானம் புளியமரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நேராக அவரிடம் வந்து மடியிலிருந்து இதை எடுத்து நீட்டினாள். ஒரு நாள் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அவளுக்கு ஒரு மானைக் காட்டியிருந்தார், அதிலிருந்து அவளுக்கு இந்தக் கல்லின் மேல் ஒரு இது. "இத்த வெச்சிட்டீங்கன்னா போதும் சார்," என்றாள். "எண்ணெய ஊத்தி, மஞ்சளப் பூசி, குங்குமம் வெச்சி, இந்தத் துணியக் கட்டி உடுங்க. எங்க ஊட்டுக்காரரு தொடமாட்டாரு. அவுரு தொடலன்னா எவனும் தொடமாட்டான்." முதலாளி சும்மா இருப்பாரா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டாள். "மொதலாளியா? அமாவாசைக்கு அமாவாசை கம்ப்ரசருக்கே எலுமிச்சம்பழம் கட்டறவரு சார். அவுருதான் மொதல்ல வுழுந்து கும்புடுவாரு." சரி, நீயே வைத்துவிடேன் அம்மா என்றதும் மட்டும் பதறினாள். "அய்யய்யோ, நானா? யாரு கண்ணுக்குத் தெரிஞ்சிதோ அவுங்க கையாலதான் வெக்கணும். நாங்க இம்மாம் வருசமா இந்தக் கல்லு மேலதான் சோறு துன்னோம், எங்களுக்குத் தெரிஞ்சிதா? உங்களுக்குல்ல தெரிஞ்சிது." விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து பார்ப்பாளாம். வைத்திருந்தால் புருஷனிடம் சொல்லிவிடுவாளாம். வைக்காவிட்டால் அவள் என்ன செய்ய முடியும், அவனுக்கு அது வேலை.

வேலை. இவருக்கும் வேலை என்று ஒன்று இருந்தது, வரைவது பாதி, ஊர் ஊராகப் போய்க் கல்லில் எதையும் பூசாதீர்கள் அம்மா, விளக்கேற்றாதீர்கள் அய்யா என்று கெஞ்சுவது மீதி. கல்லுக்கும் தோல் உண்டு, அந்தத் தோல் கறுக்க எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆகிறது, எண்ணெய் உள்ளே இறங்கினால் தூசி ஒட்டும், தூசி மேல் எண்ணெய், எண்ணெய் மேல் தூசி, பள்ளமெல்லாம் பிசுக்கு ஏறி மூடிக்கொள்ளும், கற்பூரம் எரிகிற இடத்தில் தோல் அப்பளமாக உப்பி உரிந்து வரும், உரிந்தால் போச்சு. இதை எத்தனை ஊரில் சொல்லியிருப்பார், எத்தனை பேர் தலையாட்டியிருப்பார்கள். அந்த ஊர், பேரை நினைக்கவே வேண்டாம், தெரு முனையில் ஒரு பாறை, அதில் வேட்டைக்காரர்களும் ஓடுகிற பன்றிகளும், அவர் பார்த்தவற்றிலேயே அழகான பன்றிகள், இது மூவாயிரம் வருஷத்துப் பழசு என்று யாரோ சொல்லிவிட்டார்கள், ஊர்க்காரர்களுக்கு அவ்வளவு போதும், அடுத்த வருஷம் போனபோது பன்றிகள் மேல் பாத்ரூமுக்கு ஒட்டுகிற டைல்ஸ், நீலத்தில் பூப்போட்டது, அதன் மேல் ரோஸ் கலர் எனாமல் பெயின்ட் அடித்த விமானம், முன்னால் கிரில் கேட்டு, கேட்டில் உபயதாரர் பேர். பூசாரி பெருமையாகக் கேட்டார், எப்படி இருந்த இடம் சார், இப்போது பாருங்கள், பளிச்சென்று இல்லை? பளிச்சென்றுதான் இருந்தது. அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், யாரையும் திட்டத் தோன்றவில்லை, பாசத்தோடு செய்திருக்கிறார்கள், பாசத்தோடு செய்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது, அழுகைதான் வந்தது. ஒரு நாளைக்கு மட்டும் எண்ணெய் ஊற்றித் திங்கட்கிழமை துடைத்துவிடலாம் என்பதெல்லாம் நடக்கிற காரியமா. சாமியாக்கிய கல்லை மறுபடி கல்லாக்க எந்த கலெக்டராலும் முடியாது. மஞ்சள் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், வைக்காவிட்டால் நாளைக்கே சாகும், இதில் எது நல்ல சாவு என்று கேட்டுக் கையில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், நினைக்கவே பயமாக இருந்தது.

அப்போது வெயில் சாய்ந்தது. சாய்கிறது என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தாலும் அந்த நேரம் வரும்போது ஒவ்வொரு தடவையும் திக்கென்று இருக்கும். கல் தெற்கே பார்த்துச் சரிந்தது, மேற்கு வெயில் அதன் மேல் குறுக்கே வழுக்கிக்கொண்டு வரும், வரும்போது ஒவ்வொரு சின்னப் பள்ளத்திலும் ஒரு சொட்டு நிழல் விழும், முதலில் இங்கே ஒன்று அங்கே ஒன்று, அப்புறம் மளமளவென்று, தோசைக்கல்லில் மாவு ஊற்றினதும் கண் கண்ணாகத் திறக்குமே அப்படி, சற்று முன்னால் ஒன்றுமில்லாமல் கிடந்த இடத்தில் ஒரு காது, ஒரு கழுத்து, முழு மான். அதோ அஞ்சலாட்சி பார்த்த மான். ஐந்து கால் மான். அவள் அன்றைக்கு வாய்விட்டு எண்ணிவிட்டு, படம் போட்டவன் குடிச்சிருந்தானா சார் என்று கேட்டாள். செம்பியன் தாளை விரித்து நாலு மூலையிலும் கூழாங்கல் வைத்துக் குப்புறப் படுத்தார், பேனா மூடியைப் பல்லால் கழற்றினார். வருகிற நாளில் கிடைப்பது அரை மணி வெளிச்சம், அதற்குள் தெரிகிற கோட்டின் மேல் ஓட்டியாக வேண்டும், மேல் பாதி முடிந்துவிட்டது, அடி வரிசை பாக்கி, அதில் கை கோத்துக்கொண்டு நிற்கிற ஆட்கள் போல ஒரு கூட்டம், அதை ஆசையாகக் கடைசிக்கு வைத்திருந்தார், குழந்தை பாயசத்தில் முந்திரியை ஒதுக்கி வைக்கிற மாதிரி. ஆபீஸில் ஒருவன் சொன்னான், படம்தான் இருக்கிறதே சார், கல் எதற்கு. அவனை அன்றைக்கு அடிக்கக் கை ஓங்கிவிட்டார். இன்றைக்கு அவன் சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கிறாரோ, பிணத்துக்குப் போட்டோ எடுக்கிற மாதிரி கடைசியாக ஒரு படம், கல் போனாலும் கீழே வரைந்தவர் செம்பியன் என்று பேர் நிற்கும், சீ, என்ன புத்தி இது. பேனா நகர்ந்தது. நகரும்போது மூக்குக்கு நேரே ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகத் தெரிந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு அடி. இரும்பு இல்லாத காலம், கல்லை எடுத்துக் கல்லில் கொத்தியது, ஒரு மானுக்கு எத்தனை அடி, எத்தனை சாயங்காலம். சாயங்காலம்தான், சந்தேகமே இல்லை, மத்தியானத்தில் கொத்தினால் கொத்தினது கொத்தினவருக்கே தெரியாது, இந்த வெயிலுக்காக அந்த ஆளும் இதே இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், கல் தொடையைச் சுட்டிருக்க வேண்டும், கீழே குவாரி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எதற்காக? யார் சோறு போட்டார்கள்? வேட்டைக்குப் போகாமல் இங்கே வந்து டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டிருக்கிறான் பார் என்று வீட்டில் திட்டியிருப்பார்கள். ஆள் ஆணா பெண்ணா? மானுக்கு ஒரு காலை நீட்டி, அது சரிவரவில்லை என்று பக்கத்திலேயே இன்னொரு காலைக் கொத்தி, முதலில் கொத்தியதை அழிக்க வழியில்லாமல் அப்படியே விட்டுவிட்ட ஆள். கல்லில் அழிப்பதற்கு ஏது ரப்பர். அந்த நிமிஷம் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாரா? செம்பியன் விரலை அந்த ஐந்தாவது காலின் பள்ளத்தில் வைத்தார், நுனி விரல் சரியாக உட்கார்ந்தது, உடம்பு முழுக்க மயிர் கூச்செறிந்தது. எத்தனை தடவை வைத்தாலும் கூச்செறிகிறது. கடலுக்கு முன்னால் நிற்கும்போதுகூட இப்படி வந்ததில்லை, கடல் யாரோ ஒருத்தர் செய்தது இல்லை.

மானுக்குப் பக்கத்தில் ஒரு உருண்டை மேடு, அங்கே மட்டும் புள்ளிகள் மழுங்கி வழவழவென்று இருந்தன. மழையில் தேய்ந்தது என்றுதான் எழுதி வைத்திருந்தார். மழை என்ன இந்த இடத்தில் மட்டுமா பெய்தது? இது கை பட்டுத் தேய்ந்தது. பஸ் படிக்கட்டுக் கம்பி தேயுமே, அந்தத் தேய்மானம். யாரோ வந்து வந்து தொட்டிருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்கள், இல்லாவிட்டால் கல் இப்படித் தேயாது. அப்படியானால் இது ஏற்கெனவே சாமியாக இருந்த கல்தான், இடையில் எல்லாரும் மறந்துபோய்க் கொஞ்ச காலம் சும்மா இருந்திருக்கிறது, அவ்வளவுதான். அப்பா கேட்டிருந்தால் என்ன சொல்வார்? அப்பா கறுப்புச் சட்டைக்காரர், திண்டிவனம் கடைத்தெருவில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, கனவில் வந்த சாமி காலையில் ஏன் வரவில்லை, பஸ் கிடைக்கவில்லையா என்று கேட்பார், கூட்டம் சிரிக்கும், முன்வரிசையில் உட்கார்ந்து தானும் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. செம்பியன் நெற்றியில் இதுவரை எதுவும் வைத்ததில்லை, கல்யாணத்தன்றுகூட இல்லை, மனைவி வேதவல்லி வீட்டில் அதற்காக ஒரு பொழுது பூராவும் சண்டை. வேதவல்லி ஊர் அய்யனார் மட்டும் அவருக்குப் பிடிக்கும். வெட்டவெளியில் நிற்பார். ஒரு தடவை கூரை போட்டார்களாம், அன்றைக்கே காற்று அடித்துப் பிய்த்துக்கொண்டு போய்விட்டதாம், எனக்குக் கூரை ஆகாது என்று சொல்லிவிட்டாராம், அதிலிருந்து மழையானாலும் வெயிலானாலும் அப்படியே நிற்கிறார், பணக்காரன் ஒருத்தன் கான்க்ரீட் மண்டபம் கட்டித் தருகிறேன் என்று வந்தபோது ஊரே சேர்ந்து அவனைத் துரத்தியது. எந்தச் சட்டம் அதைச் செய்யும்? ஒரு சாமிக்குத் தேங்காய் ஆகாது. ஒரு சாமிக்குச் சுருட்டு இல்லாமல் ஆகாது. இன்னொன்றுக்குச் சத்தம் ஆகாது, மேளம் அடித்தால் ஊரில் காய்ச்சல் வரும். ஆகாது என்று ஒரு சாமி சொல்லிவிட்டால் தாத்தா காலத்திலிருந்து பேரன் காலம்வரை எவனும் மீறமாட்டான், இவர் கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னதை ஒருத்தன் கேட்டானா? பேனா நின்றுவிட்டது. மனசும் அங்கேயே நின்று, கொக்கியில் புடவை மாட்டின மாதிரி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் இழுத்துக்கொண்டது. ஒரு சாமிக்கு எண்ணெய் ஆகாது என்றால்?

ஆனால் அதை யார் சொன்னது என்று கேட்பார்கள். கட்டாயம் கேட்பார்கள். சொல்வதற்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் உண்டு, அதைத்தான் அப்பா ஸ்டூல் மேல் நின்று கிழிகிழியென்று கிழித்தார். பொய். வாயில் வராது. வந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும், சின்ன வயசிலிருந்தே பொய் சொன்னால் காது சிவக்கும். அப்பா செத்துப் போயாகிவிட்டது என்று மனசு ஒரு பக்கம் சொல்கிறது, அதனால் என்ன, செத்தவர் கேட்கமாட்டார் என்று சொன்னதும் அப்பாதானே, அப்படியானால் யாருக்காக இந்தக் கூச்சம். கீழே சருகு நொறுங்கியது. செருப்புச் சத்தம். அதற்குள்ளா என்று பார்த்தார், வெளிச்சம் இன்னும் நன்றாகத்தான் இருந்தது, இன்றைக்கு இருந்த மாதிரி ஒருநாளும் இருந்ததில்லை, மேகம் ஒரு பிசிறுகூட இல்லை, அடி வரிசை ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள், இன்னும் கால் மணி நேரம் கொடுத்தால் அத்தனை பேரையும் தாளில் ஏற்றிவிடலாம். அஞ்சலாட்சி தலையில் சும்மாட்டுத் துணியோடு கல்லுக்குக் கீழே வந்து நின்று பையைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இன்னா சார், இன்னும் வெக்கலியா? எங்க ஊட்டுக்காரரு மேலுக்குத் தண்ணி ஊத்திக்கினு இருக்கறாரு. ராத்திரிக்கே மிசினு மேல ஏத்தணுமாம்."

"வைக்கிறேன்மா," என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. "கல்லு மேல இல்ல. கீழ. அந்தச் சின்னக் கல்லு இருக்குதே, புளியமரத்துப் பக்கம், அதுல வைக்கணும். துணியும் அதுக்குத்தான்."

"அதுவா சாமி?"

"சாமி இதுதான். ஆனா இது மேல எதுவும் ஆகாது. எண்ணெ ஆகாது. மஞ்சள், குங்குமம் ஆகாது. கற்பூரம் ஆகவே ஆகாது. கூரை போடக் கூடாது."

"பாலு?"

"ஆகாது."

"எளநி?"

"எதுவும் ஆகாதுன்னு சொல்றேன்ல. வெயிலும் மழையும்தான் அதுக்கு."

அஞ்சலாட்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இப்பிடி ஒரு சாமியா? பொங்க வெக்கறது?"

"அது கீழ மரத்தடியில வெச்சுக்கலாம். இது மேல கை படக் கூடாது."

"யாரு சார் சொன்னது?"

கேட்டுவிட்டாள். காது சுட்டது, சிவந்திருக்கும், நல்லவேளை வெயிலே சிவப்பாக இருந்தது. "கனவுல வந்து சொல்லிச்சு," என்றார்.

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை, சந்தையில் விலை சொல்லும்போது கேட்டுக்கொள்கிற முகம். கடைசியில் தலையை ஆட்டினாள். "சரி. ஆவாதுன்னா ஆவாது. சொல்லிட்றேன். ஒருத்தரும் தொடமாட்டாங்க, சாமி சொன்னதுக்கப்புறம் யாரு தொடுவா." குனிந்து செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தாள். அப்புறம் நிமிர்ந்து, "அப்ப நீங்க?" என்றாள்.

"நான் என்ன?"

"கை படக் கூடாதுன்னு சொல்றீங்க. நீங்க மேல படுத்துக்கினு சொல்றீங்களே சார்."

செம்பியன் குனிந்து பார்த்தார். வயிற்றுக்கடியில் தாள், தாளுக்கடியில் கல், ஒரு கை பேனாவோடு, இன்னொரு கை அந்த வழவழத்த மேட்டின் மேல். எனக்கு மட்டும் உத்தரவு உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லலாம், பூசாரிகள் அதைத்தான் சொல்கிறார்கள், அவளும் சரி என்பாள். சொன்னால் அடுத்த வாரம் இன்னொருத்தனுக்கும் உத்தரவு வரும், அதற்கடுத்த வாரம் ஒருத்திக்கு, உத்தரவு வாங்கினவன் கையில் ஒரு நாள் எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். அடி வரிசை ஆட்கள் கை கோத்தபடி கண்ணுக்கு நேரே நின்றார்கள், ஒருத்தன் தலையில் என்னவோ இறகு போல இருந்தது, இதுவரை பார்த்ததே இல்லை, யாருமே இவர்களை வரைந்ததில்லை, வரையப் போவதும் இல்லை. மனசு ஒரு குழந்தையாக இருந்திருந்தால் அந்த இடத்தில் புரண்டு அழுதிருக்கும். அவர் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்தார், தாளைச் சுருட்டினார், பேனாவை மூடினார். மூட்டு மளுக்கென்றது. உட்கார்ந்தபடியே சறுக்கிச் சறுக்கி, முடிந்தவரை கை ஊன்றாமல், கீழே இறங்கினார்.

"இனிமே நானும் தொடமாட்டேன்," என்றார்.

அஞ்சலாட்சி பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள், அவர் புளியமரத்துப் பக்கத்துச் சின்னக் கல்லில் மஞ்சளைப் பூசினார், பழக்கமில்லாத கை, அப்பிவிட்டது, அவள் சரி செய்தாள். குங்குமம் வைத்தார். எண்ணெய் ஊற்றினார். துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார், பட்டாணிக் கடலைப் பொட்டலத்துக்குப் போடுகிற முடிச்சுதான் வந்தது. கையில் ஒட்டிய மஞ்சளைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, போகலாம் என்று திரும்பினார், திரும்பினவர் அப்படியே நின்றுவிட்டார். இந்த நேரத்தில் கீழே நின்று அவர் இதைப் பார்த்ததே இல்லை. வந்த நாளெல்லாம் வெயில் சாய்கிற நேரத்துக்கு மூக்கு கல்லின் மேல் இருக்கும், ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது. கல் முழுக்க ஒரே ஒரு காளை. மேல் விளிம்போடு ஓடுகிற பள்ளத்தை இயற்கையான வெடிப்பு என்று ஒதுக்கியிருந்தார், அது முதுகு. அந்த முதுகு எழும்பித் திமிலாகி, கழுத்தில் இறங்கி, கல்லின் மேற்கு மூலையில் இரண்டு கொம்புகளாக வளைந்து வானத்தைப் பார்த்தது, கொம்பு ஒவ்வொன்றும் ஆள் நீளம். மான்கள், நாய்கள், கை கோத்த ஆட்கள், இத்தனை நாளும் தனித்தனியாகப் படியெடுத்த அத்தனையும் அதன் வயிற்றுக்குள் இருந்தன. யாரோ ஒருத்தர் முதலில் இதைக் கொத்தியிருக்கிறார், அப்புறம் வந்த எல்லாரும், எத்தனை நூறு வருஷமோ, அதன் உடம்புக்குள்ளேயே கொத்தியிருக்கிறார்கள், ஒருத்தர்கூட அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. வெயில் ஒரு விரல் இறங்கியது, நிழல் ஒரு விரல் நகர்ந்தது, அதன் விலா அசைந்தது. போன் பேன்ட் பையில்தான் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கத் தோன்றவில்லை, மஞ்சள் கையைத் தூக்கி அங்கே என்று மட்டும் காட்டினார்.

அஞ்சலாட்சி பார்த்தாள். முதலில் அவர் கையைப் பார்த்தாள், அப்புறம் கை காட்டிய இடத்தை. கண்ணைச் சுருக்கினாள், தலையைச் சாய்த்தாள், சட்டென்று இரண்டடி பின்னால் போனாள். தலையிலிருந்த சும்மாட்டுத் துணி தானாகக் கீழே விழுந்தது.

"நீங்க சும்மா சொல்றீங்கன்னு நெனச்சேன் சார்," என்றாள்.

செம்பியனும் அப்படித்தான் நினைத்திருந்தார்.